மருத்துவர் பதில்கள்: கண்ணுக்கும் காதுக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து

சென்ற இதழில் 'மெட்ராஸ் ஐ' பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி இருந்தன. ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் ஒரே குப்பியில் கலந்து வரும் சொட்டு மருந்தை எப்போது போடலாம், எப்போது போடக் கூடாது என்பதைத்தான் பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் கண் மருத்துவன் என்பதால், காது பற்றிய பதிலைக் காது மூக்கு தொண்டை மருத்துவரான நண்பரிடம் காட்டித் திருத்திய பின்பே அச்சுக்கு அனுப்பினேன்.

கேள்வி: என் கணவருக்கு இரண்டு மாதங்களுக்கு முன் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மீதம் இருக்கிறது. பிரிட்ஜில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது பள்ளிக்குப் போய்வந்த பேரனுக்கு இரண்டு கண்ணும் சிவந்து, காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. அதுவும் கண் மருந்துதானே, அதையே இவனுக்கும் விடலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா, அந்தக் குப்பியை இன்றே எறிந்துவிடுங்கள். மூடியைத் திறந்து ஒரு மாதம் கடந்த சொட்டு மருந்தை, அது பிரிட்ஜில் இருந்தாலும், அட்டைப் பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி இன்னும் ஓராண்டு தள்ளி இருந்தாலும், கண்ணில் விடக் கூடாது. அந்தத் தேதி திறக்காத குப்பிக்கு உரியது.

அதைவிடப் பெரிய காரணம் குப்பிக்குள் இருக்கிறது. உங்கள் கணவருக்குக் கொடுத்ததில் இரண்டு மருந்துகள் கலந்திருக்கும். ஒன்று மாக்ஸிஃப்ளாக்ஸசின், டோப்ராமைசின் போன்ற ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவைக் கொல்லும். மற்றொன்று டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு. அது எந்தக் கிருமியையும் கொல்லாது. கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு போராடும்போது உண்டாகும் சிவப்பையும் வீக்கத்தையும் வலியையும் அடக்குவது மட்டுமே அதன் வேலை. கண்புரை எடுத்து லென்ஸ் வைத்த கண்ணில் அந்தப் போராட்டம் கட்டுக்கடங்காமல் போனால் பார்வை கெடும் என்பதால் ஸ்டீராய்டு அங்கே இன்றியமையாதது. அதனால்தான் முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து வேளை என்று படிப்படியாகக் குறைத்து, ஆறு வாரம்வரை விடச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். இடையிடையே கண்ணைப் பார்த்து, அழுத்தத்தை அளந்து, அதன் பிறகே நிறுத்துகிறோம்.

உங்கள் பேரனுக்கு வந்திருப்பது, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அடினோ வைரஸால் வரும் மெட்ராஸ் ஐ ஆக இருக்கலாம். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டோ சிவப்பைக் குறைத்துக் காட்டும். ஆனால் வைரஸ் கண்ணில் தங்கும் நாட்களைக் கூட்டிவிடும். சிவப்பு குறைந்ததென்று பையனைப் பள்ளிக்கு அனுப்பினால், வகுப்புக்கே அவன் வாரி வழங்குவான். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் பீளையைத் துடைத்து, துண்டையும் தலையணையையும் தனியாக வைத்து, கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவச் செய்தால், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றாலோ, பார்வை மங்கினாலோ, ஒரு கண்ணில் மட்டும் வலி மிகுந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பீஸ் வைரஸும் சிவந்த கண்ணாகத்தான் தொடங்கும். அந்தக் கண்ணில் ஸ்டீராய்டு மட்டும் விழுந்தால், கருவிழியில் மரக்கிளை போல் மெல்லியதாக இருக்கும் புண் பரந்து விரிந்துவிடும்.

மெட்ராஸ் ஐ வந்த சிலருக்கு இமையின் உட்புறத்தில் சவ்வு படிந்து, அல்லது கருவிழியில் பொட்டுப் பொட்டாகத் தழும்பு தோன்றிப் பார்வை மங்கும்போது நாங்களே ஸ்டீராய்டு சொட்டு கொடுப்பதுண்டு. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்த பின்பே கொடுக்கிறோம்.

கேள்வி: பதினைந்து நாட்களுக்கு முன் நெல் தூற்றும்போது உமி கண்ணில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி நாக்கால் எடுத்துவிட்டார். மறுநாள் கண் சிவந்து உறுத்தவே, மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். இரண்டே நாளில் சிவப்பும் வலியும் நன்றாகக் குறைந்தன. இப்போது மீண்டும் வலிக்கிறது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது. பார்வை புகை மூட்டம் போல் இருக்கிறது. ஊரில் பூ விழுந்துவிட்டது என்கிறார்கள். அதே மருந்தைத் தொடரலாமா, இன்னும் வீரியமான மருந்து இருக்கிறதா?
– ஒரு வாசகர், மேலூர் வட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் கைப்பேசி எண் இருந்ததால், அது கையில் கிடைத்த அன்றே உங்களை அழைத்துச் சொன்னதைத்தான் மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்: அந்த மருந்தை நிறுத்துங்கள், இன்றே புறப்பட்டுக் கருவிழி நோய்ப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்குப் போங்கள், அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் பெயரை வாசித்துக் காட்டிய அந்தக் குப்பியில் இருந்தவை ஓர் ஆன்டிபயாடிக்கும் டெக்ஸாமெத்தசோனும்.

நெல், கரும்பு, சோளம் என்று பயிரோடு வாழ்பவர்களின் கண்ணில் ஏற்படும் கருவிழிப் புண்ணுக்கு மற்ற ஊர்களின் கணக்கு பொருந்தாது. 1994 ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து, அந்த முடிவுகளை 1997 இல் வெளியிட்டார்கள். கிருமி வளர்ந்து அடையாளம் தெரிந்த கண்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் பாக்டீரியா மட்டும் இருந்தது. ஏறக்குறைய அதே அளவு கண்களில் பூஞ்சை மட்டும் இருந்தது. அவற்றுள் பெரும்பங்கு ஃப்யூசேரியம், அதற்கு அடுத்து ஆஸ்பர்ஜில்லஸ். இரண்டும் மண்ணிலும் அழுகும் இலை தழையிலும் வாழ்பவை. அதாவது நம் பக்கத்து வயலில் கண்ணில் அடிபட்டுப் புண்ணான ஒருவருக்கு, அது பூஞ்சையாக இருக்கும் வாய்ப்பு பாக்டீரியாவுக்குச் சமம். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பாடப் புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு இது வியப்பாக இருக்கலாம். வைகைக் கரையில் பணிபுரியும் எங்களுக்கு இது அன்றாடக் காட்சி.

ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடுவதே இல்லை. எனவே உங்கள் புண் பூஞ்சையால் வந்தது என்றால், அந்தக் குப்பியில் இருந்த இரண்டில் வேலை செய்தது ஸ்டீராய்டு ஒன்றுதான். அது உங்கள் உடம்பின் எதிர்ப்பை அடக்கியது. எதிர்ப்பு அடங்கியதும் சிவப்பும் வலியும் குறைந்தன. அதை நீங்கள் குணம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. வலி நின்றால் நோய் நின்றது என்று நினைப்பதுதான் இயல்பு. நானே நோயாளியாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அம்மா கரும்பு வெட்டும்போது தோகை கண்ணில் கீறி மூன்று வாரம் கழித்து வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிறு குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். வாங்கியதில் அது மூன்றாவது குப்பி, அதுவும் அடிமட்டத்தில் இருந்தது. "இதை விட்டா வலி நின்னுருதுங்க, விடாட்டி திரும்ப வந்துருது" என்றார். விளக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, கருவிழியின் நடுவே சாம்பல் கலந்த வெள்ளைப் புண் இருந்தது; அதன் ஓரம் கோழி இறகின் விளிம்பு போல் பிசிறு பிசிறாக ஓடியது; சற்றுத் தள்ளிக் குட்டிக் குட்டியாக இன்னும் இரண்டு புள்ளிகள். அது பூஞ்சையின் கையெழுத்து. கருவிழியின் கனமே நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் பூஞ்சை இழைகள் ஆழத்துக்கு இறங்கிவிட்டிருந்தன. நாங்கள் எவ்வளவோ முயன்றும் மருந்தால் தடுக்க முடியவில்லை. தானக் கண்ணின் கருவிழியை வைத்துத் தைத்துக் கண்ணைக் காப்பாற்றினோம், பார்வையை முழுதாகத் திருப்பித் தர முடியவில்லை. முதல் வாரத்திலேயே வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே ஆறியிருக்கக் கூடும் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அந்தக் குப்பியை அவருக்கு விற்றவரும் கெட்ட எண்ணத்தோடு விற்கவில்லை. சிவந்த கண்ணுக்கு இதைக் கொடுத்தால் உடனே கேட்கும் என்ற அனுபவத்தில்தான் கொடுத்திருக்கிறார்.

மருத்துவமனையில் உங்களுக்கு என்ன செய்வார்கள் என்று தொலைபேசியில் கேட்டீர்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, புண்ணின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டி, அந்தத் துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சையாக இருந்தால் இழைகள் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். இந்த எளிய சோதனை இல்லாமல் எந்தக் கண்ணுக்கும் எந்த 'வீரியமான' மருந்தையும் யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. பூஞ்சை என்றால் நாடாமைசின் என்ற சொட்டைத் தொடக்கத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை விட வேண்டியிருக்கும். ஆறுவது வாரக் கணக்கில்தான். இதைவிடப் புதிய வோரிகோனசோல் மேலானதாக இருக்குமோ என்று அறிய, தமிழ்நாட்டு நோயாளிகள் பெருமளவில் பங்கேற்ற ஆய்வு ஒன்று 323 பேரிடம் நடந்து 2013 இல் வெளியானது. பழைய நாடாமைசின்தான் நன்றாக வேலை செய்தது; குறிப்பாக ஃப்யூசேரியத்தில்.

பாக்டீரியாப் புண்ணுக்காவது ஸ்டீராய்டு சேர்க்கலாமா என்ற கேள்விக்கும் விடை தேடப்பட்டது. சோதனைச் சாலையில் பாக்டீரியா என்று உறுதி செய்யப்பட்ட 500 பேருக்கு முதலில் 48 மணி நேரம் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மட்டும் கொடுத்து, அதன் பிறகே பாதிப் பேருக்கு ஸ்டீராய்டையும் மறு பாதிக்கு மருந்தில்லாத சொட்டையும் சேர்த்தார்கள். 2012 இல் வெளியான முடிவில், மூன்று மாதக் கடைசியில் இரு பிரிவினரின் பார்வையிலும் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. கிருமி எதுவென்று தெரிந்து, ஆன்டிபயாடிக்கை முந்தவிட்டு, இவ்வளவு கவனமாகக் கொடுத்தும் பொதுவான பயன் இல்லாத ஒன்றை, கிருமி எதுவென்றே தெரியாமல் முதல் நாளே கொடுப்பதை நான் எந்த விதத்திலும் ஏற்க மாட்டேன்.

கண்ணில் உமியோ தோகையோ மண்ணோ பட்டால் செய்ய வேண்டியது குறைவுதான். கசக்காதீர்கள். சுத்தமான குடிநீரால் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது எல்லாம் அன்பினால் செய்யப்படுபவை என்பதை அறிவேன். ஆனால் வாயிலும் இலையிலும் உள்ள கிருமி கீறல் வழியாக உள்ளே போய்விடும். ஒரு நாளுக்குள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃப்ளூரசீன் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைத்து நீல விளக்கில் பார்த்தால், கீறல் பச்சையாக ஒளிரும். வெறும் கீறலா, புண்ணா என்பது பார்த்த உடனே தெரியும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்குக் கண் சிவந்து வலித்தாலும் இதே அவசரம்தான். அங்கே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடக் கூடியது.

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு ஆண்டுதோறும் வெயில் தொடங்கினால் கண் அரிப்பு, தேய்த்துத் தேய்த்துக் கண்ணே பழுப்பேறிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து அற்புதமாகக் கேட்டது. அன்றிலிருந்து அந்தச் சீட்டைக் காட்டி அதையே வாங்கி விடுகிறோம். இது தவறா?
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: பத்து நாளுக்கு எழுதிய சீட்டு இரண்டு ஆண்டு ஓடியிருக்கிறது, சகோதரி. அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடாமல், மகனின் கண் அழுத்தத்தை அளந்துவிடுங்கள்.

நீங்கள் சொல்வது வெர்னல் எனப்படும் ஒவ்வாமைக் கண்நோய். வெப்பமான நாடுகளில் சிறுவர்களுக்கு மிகுதியாக வரும், பருவ வயதைத் தாண்டும்போது பெரும்பாலும் தானே அடங்கும். அதில் கிருமி எதுவும் இல்லை. ஆகவே அந்தக் குப்பியில் உள்ள ஆன்டிபயாடிக் தொடக்கத்திலிருந்தே வீண். கேட்டது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டைத் தொடர்ந்து சில வாரம் விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஓரளவு கூடும். சுமார் 5 விழுக்காட்டினருக்கு மிகவும் கூடும். குழந்தைகளிடம் இந்த ஏற்றம் பெரியவர்களைவிட விரைவாகவும் கூடுதலாகவும் வரலாம். பொதுவாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 40 ஐத் தாண்டிய சிறுவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் வலி இல்லை. அரிப்பு நின்றுவிட்டதால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். பார்வை நரம்பு ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வந்து, பையன் நடக்கும்போது பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் இடிக்கத் தொடங்கிய பிறகுதான் கூட்டி வந்தார்கள். கருகிய நரம்பு திரும்புவதில்லை. லென்ஸின் பின்புறம் புரை விழுவதும் உண்டு. அதற்காவது அறுவை சிகிச்சை இருக்கிறது.

பயப்பட வேண்டாம், அழுத்தம் சரியாக இருக்கிறதென்றால் இன்றே பாதையை மாற்றிக்கொள்ளலாம். ஐஸ் ஒத்தடம், வெயிலில் தொப்பியும் கண்ணாடியும், ஓலோபட்டாடின் போன்ற ஒவ்வாமைத் தடுப்புச் சொட்டு, கண்ணீரைப் போன்ற மசகுச் சொட்டு ஆகியவை முதலில். அவை போதாத பிள்ளைகளுக்கு சைக்ளோஸ்போரின் சொட்டோ டாக்ரோலிமஸ் களிம்போ இருக்கிறது. அவை கண் அழுத்தத்தை ஏற்றுவதில்லை. கடும் பருவத்தில் ஒரு வாரம், பத்து நாள் ஸ்டீராய்டு தேவைப்பட்டால் மருத்துவரே கொடுப்பார், அவரே நிறுத்தவும் செய்வார். இவ்வளவு நாள் விட்டதால், ஒரே நாளில் நிறுத்தாமல் அவர் சொல்லும் முறையில் குறைத்துக்கொண்டு வாருங்கள். தேய்ப்பதையும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்; ஓயாத தேய்ப்பால் கருவிழி கூம்பிவிடும் நோய் வரக் கூடும்.

கேள்வி: காது அரிப்புக்காகப் பல ஆண்டுகளாகப் பஞ்சுக் குச்சி போட்டுக் குடையும் பழக்கம் எனக்கு உண்டு. வலி வரும்போது காதுக்கான கூட்டுச் சொட்டு மருந்தை விடுவேன், குறையும். இம்முறை இரண்டு வாரம் விட்டும் அரிப்பு கூடுகிறது. காதிலிருந்து கருப்புத் துகள் வருகிறது. எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. (இன்னொரு வாசகி, காதில் சீழ் வடியும் தம் மகளுக்கு இதே மருந்தை விடலாமா என்றும், கண் மருந்தைக் காதுக்கும் காது மருந்தைக் கண்ணுக்கும் மாற்றி விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.)
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கண்ணில் சொன்ன அத்தனை கண்டிப்பும் காதுக்குப் பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஈரத்தாலோ குடைந்ததாலோ காதுக் குழாயின் தோல் வீங்கி, காது மடலை இழுத்தாலே உயிர் போவது போல் வலிக்கும் நோய்க்குக் கூட்டுச் சொட்டு மருந்தே சரியான மருந்து. வீக்கம் வடிந்தால்தான் ஆன்டிபயாடிக் உள்ளே போக முடியும் என்பதால் அங்கே ஸ்டீராய்டு ஆன்டிபயாடிக்குக்கு வழி திறந்துவிடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் அது முடிந்துவிட வேண்டும்.

உங்களுக்கு அது முடியவில்லை. கருப்புத் துகளும் மாறாத அரிப்பும் காதுப் பூஞ்சையைக் காட்டுகின்றன. உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாள் துண்டில் எள்ளுப்பொடி தூவியது போல் இருக்கும். காதுக் குழாயில் வழக்கமாக இருக்கும் பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் அழித்து, தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு குறைத்து, குழாயை மருந்தின் ஈரமும் நனைத்துவைத்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உறிஞ்சு கருவியால் அதைச் சுத்தமாக எடுத்த பிறகு க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்தை விட வேண்டும். எடுக்காமல் மேலேயே விட்டால் கேட்காது. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, மரத்துப்போகும் மருந்து நான்கும் சேர்ந்த சொட்டும் கடையில் கிடைக்கிறது; என்ன நோயென்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து விடும் அந்த வழக்கத்தை என் நண்பர் கடுமையாக எதிர்க்கிறார். சர்க்கரை நோய் இருப்பதால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இரவில் தூங்கவிடாத ஆழ்ந்த காது வலி வந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கிருமி காதின் எலும்புவரை இறங்கியிருக்கலாம். அது வெறும் காது வலி இல்லை. மருத்துவமனையில் சேர்ந்து பெற வேண்டிய சிகிச்சை.

சீழ் வடியும் மகளைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: சீழ் வந்தாலே காது ஜவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். நியோமைசின், ஜென்டாமைசின் உள்ள சொட்டு ஓட்டை வழியாக உள்காதுக்குப் போனால் ஒலியை உணரும் அணுக்களை அழிக்கக் கூடும். சில குடும்பங்களில் தாய்வழி மரபணுக் காரணத்தால் இந்த ஆபத்து மிகவும் கூடுதல். ஓட்டை உள்ள காதுக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின், ஓஃப்ளாக்ஸசின் போன்றவற்றைத்தான் மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். தேவையானால் டெக்ஸாமெத்தசோனோடு சேர்த்து. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துவிடுங்கள். எண்ணெய் விடவே வேண்டாம்.

சொட்டை விடுவதற்கு முன் குப்பியை உள்ளங்கையில் ஒன்றிரண்டு நிமிடம் மூடி வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். குளிர்ந்த மருந்து காதில் விழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, விட்ட பிறகு காதின் முன்புறக் குருத்தை நாலைந்து முறை மெல்ல அழுத்தி, ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும்.

காது மருந்தை எக்காரணத்துக்காகவும் கண்ணில் விடாதீர்கள். அதில் கலக்கும் கரைப்பான்களும் அமிலத்தன்மையும் கருவிழியை எரித்துவிடும். கண் மருந்தைக் காதுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விடலாம்.

கேள்வி: கண்ணில் ஒரு சொட்டா, இரண்டு சொட்டா? விட்டதும் கண்ணை இறுக்கி மூட வேண்டுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஒரு சொட்டு. இமைக்குள் அதற்கு மேல் இடமில்லை, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். கலங்கலான மருந்தாக இருந்தால் நன்றாகக் குலுக்கிய பின் விடுங்கள். அடியில் படிந்திருப்பதுதான் ஸ்டீராய்டு. கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்துக் கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணில் நிற்கும்; வாயில் கசப்பும் தெரியாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டாக்டர் பீஸுக்கும் பஸ்ஸுக்கும் காசில்லாமல் கூலி வேலைக்குப் போகிறவர்கள் சிவந்த கண்ணோடு வந்து நிற்கிறார்கள். நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிவிடுவார்கள். என்ன செய்வது?
– ஒரு மருந்தாளுநர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இப்படிக் கேட்கத் தோன்றியதற்கு முதலில் உங்களுக்கு நன்றி. இந்தச் சொட்டு மருந்துகள், 1945 ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எச் அல்லது எச்1 அட்டவணையில் வருபவை. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதர் உங்கள் முன் நிற்கும் ஒரு நிமிடத்தில் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கண்ணில் ஏதாவது பட்டதா, பார்வை மங்கியிருக்கிறதா, வெளிச்சம் குத்துகிறதா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் எந்தச் சொட்டும் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவில் பார்க்கக் கட்டணம் இல்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. போகிற பேருந்து எண்ணையும் புறநோயாளிப் பிரிவு நேரத்தையும் நீங்கள் சொன்னால் அதுவே பாதி சிகிச்சை. மூன்றுக்கும் 'இல்லை' என்றால் மசகுச் சொட்டு கொடுத்து, இரண்டு நாளில் குறையாவிட்டால் காட்டும்படி சொல்லுங்கள்.

கடையில் உதவிக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: உள்ளடக்கத்தில் 'சோன்' என்றோ 'லோன்' என்றோ முடியும் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் எல்லாம் அப்படியே. லோட்டிப்ரெட்னாலும் டைஃப்ளூப்ரெட்னேட்டும் அந்த ஒலியில் அடங்காதவை. அவற்றைத் தனியாக நினைவில் வைக்கட்டும். வழக்கமான ஆன்டிபயாடிக் சொட்டின் பெயருக்குப் பின்னால் 'டி', 'டிஎக்ஸ்' போன்ற எழுத்து ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவசரத்தில் கை மாறிவிடும், வேறு வேறு தட்டில் வையுங்கள். சீட்டோடு வருபவருக்குக் கொடுக்கும்போதும் சீட்டின் தேதியைப் பார்த்து, திறக்கும் நாளைக் குப்பியில் எழுதச் சொல்லி ஒரு பேனாவை நீட்டுங்கள். இந்த மூன்று கேள்விகளையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறேன். இதழின் அலுவலகத்துக்குக் கடை முகவரியை எழுதினால் உங்கள் கவுண்டரில் ஒட்டிக்கொள்ள அனுப்பி வைக்கிறேன்.